ஆபுத்திரன் பாத்திரத்தில் விழுந்த கற்கள்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு முன்பணம் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, வீட்டுக்காரர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்பார்: "நீங்க கறி சமைப்பீங்களா?"

எனக்கும் அது நேர்ந்தது. சமைப்போம் என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க, உயிரைக் கொல்றது எங்களுக்கு ஆகாது" என்றார். தெருவில் இறங்கியதும் தரகர் என்னைச் சமாதானப்படுத்தினார். "நல்ல மனுஷன் சார். தினமும் காலையில வாசலுக்கு வர்ற மாட்டுக்கு வாழைப்பழம் கொடுக்காம சாப்பிட மாட்டார்."

நம்பினேன். அவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அன்று முழுக்க ஒரு கேள்வி என்னை விடவில்லை. மாட்டிடம் இருக்கும் இரக்கம் மனிதனிடம் வரும்போது மட்டும் ஏன் வாசற்படியில் நின்றுவிடுகிறது? இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை நம்மவர்களே நம்மிடம் கேட்பதுண்டு. கறி தின்னும் நமக்கு உயிர் இரக்கத்தைப் பற்றிப் பேச உரிமை உண்டா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் தமிழில் ஒரு பழைய கதை விடை வைத்திருக்கிறது. அதற்கு முன் என் ஆயாவின் அடுப்பைச் சொல்ல வேண்டும்.

ஆயாவின் சட்டி

வடாற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். பாட்டியை நாங்கள் ஆயா என்போம். ஞாயிற்றுக்கிழமை பெரியகறி வந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் தீர்த்துவிட மாட்டாள். பாதியைக் குழம்பு வைப்பாள். மீதியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுவாள். அந்த உப்புக்கண்டம் மழைக்காலத்துக்கு. கூலி இல்லாத நாளில் இரண்டு துண்டை எடுத்துத் தணலில் சுட்டு, அம்மியில் வைத்துத் தட்டி, கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பாள். சுட்ட கண்டத்தின் வாசனை தெருமுனை வரை போகும். அதன் ருசியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பசியும் உப்பும் நெருப்பும் சேர்ந்த ருசி அது.

அந்தச் சட்டியில் எப்போதும் ஒரு ஆள் சோறு அதிகம் இருக்கும். பாய் விற்பவரோ அம்மி கொத்துபவரோ உச்சி வெயிலில் தெருவுக்குள் வந்துவிட்டால், "சாப்பிட்டியாப்பா?" என்பதுதான் ஆயாவின் முதல் பேச்சு. சிலர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிலர், இது எந்தத் தெரு என்று தெரிந்தவுடன், தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுந்து போவார்கள். அப்படிப் போனவர்களைப் பற்றி ஆயா ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்தச் சோற்றைத் தெருநாய்க்கு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கொடுக்க ஆளில்லாமல் நிற்பதும், கொடுப்பதை வாங்க மறுப்பதும் எவ்வளவு பெரிய அவமானம் என்று அந்த முதுகைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

பாணன் நடந்த வழி

இந்த அவமானம் தமிழ் மண்ணில் என்றைக்கும் இருந்ததா? இல்லை என்று சொல்ல நம்மிடம் சான்று இருக்கிறது.

பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. ஓய்மா நாட்டை, அதாவது இன்றைய திண்டிவனம், மரக்காணம் பக்கத்தை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெற்று வரும் ஒரு பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுபோல் அமைந்த பாட்டு. அதில் பாணன் வீட்டு வறுமை வரும். அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. தாயின் மடியில் பால் இல்லை. குட்டிகள் முட்டுகிற வலி தாங்காமல் தாய் குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பார்த்தவர் ஏளனம் பேசுவார்களே என்று வாசற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பசியைப் பாடப் புகுந்த புலவன் மனிதரோடு நிறுத்திக்கொள்ளாமல் நாயின் பசியையும் சேர்த்தே பாடியிருக்கிறான்.

அடுத்து வழி. கடற்கரைப் பட்டினத்தில் பரதவர் கள்ளும், வறுத்த குழல்மீன் கருவாடும் கொடுப்பார்கள். வேலூரில் எயிற்றியர் புளியிட்டுச் சமைத்த சூடான சோற்றோடு ஆமான் சூட்டுக்கறி வைப்பார்கள். ஆமான் என்றால் காட்டுமாடு. ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும் தருவாள். கடைசியில் நல்லியக்கோடனே பக்கத்தில் நின்று பாணனுக்கு ஆசையோடு ஊட்டுவான்.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். யாரும் யாரையும் நீ யார் என்று கேட்கவில்லை. மீன் தின்பவன் மீன் கொடுக்கிறான், காட்டுமாடு தின்பவள் அதைக் கொடுக்கிறாள். தன் அடுப்பில் இருப்பதை வெட்கப்படாமல் கொடுப்பதும் வருகிறவன் அருவருக்காமல் வாங்கித் தின்பதும்தான் அன்றைய விருந்து. வெட்கம் உப்பில்லாத கீரைக்கு இருந்தது. கறிக்கு இல்லை.

அதே பாணன் பெரியபுராணக் காலத்தில் என்ன ஆனான் என்பதையும் பார்த்துவிடுங்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணர் கோயில் வாசலுக்கு வெளியே நின்று பாடுகிறார். திருநீலநக்கர் வீட்டில் அவரும் அவர் மனைவியும் ஓர் இரவு தங்குவதற்குத் திருஞானசம்பந்தர் சொல்லி இடம் கேட்க வேண்டியிருக்கிறது. மன்னன் அருகில் நின்று ஊட்டிய சாதி, ஒரு ராத்திரி படுக்கப் பரிந்துரை தேடும் சாதியாகிவிட்டது. இடையில் என்னவோ நடந்திருக்கிறது. அது நடந்துகொண்டிருந்த காலத்தின் குரல்தான் மணிமேகலை.

மாட்டுத் திருடன்

ஆபுத்திரன் கதையை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரைகுறையாகச் சொல்கிறார்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற அதிசயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாத்திரம் வருவதற்கு முன்னால் அவன் கையில் வேறொரு பாத்திரம் இருந்தது. அதில் என்ன விழுந்தது என்பதைச் சொல்வதில்லை.

வாரணாசியில் வேதம் ஓதுவிக்கும் ஒருவனின் மனைவி சாலி. கணவனைக் கடந்த உறவில் கருவுற்று, பாவம் தீரக் குமரியில் நீராட வந்தவள், வழியில் ஒரு குழந்தையைப் பெற்று, இரக்கமில்லாமல் ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போகிறாள். அழுத குழந்தையைத் தேடி ஒரு பசு வருகிறது. நாவால் நக்கிக்கொடுத்து, ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. அதனால்தான் அவன் ஆபுத்திரன், பசுவின் மகன். அந்த வழியே வந்த இளம்பூதி என்ற அந்தணன் குழந்தையை எடுத்துப் போய்த் தன் பிள்ளையாக வளர்த்து வேதமெல்லாம் கற்பிக்கிறான்.

ஒருநாள் பையன் ஓர் அந்தணன் வீட்டுக்குள் போகிறான். அங்கே வேள்வியில் பலியிடுவதற்காக ஒரு பசுவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொம்பில் மாலை சுற்றியிருக்கிறது. வேடன் வலையில் சிக்கிய மான்போல அது நடுங்கிக் கதறுகிறது. அவன் மறைந்திருந்து, நள்ளிரவில் பசுவை அவிழ்த்துக்கொண்டு கல்லும் கரடுமான வழியில் போகிறான். அவர்கள் துரத்திப் பிடித்துக் கோலால் அடிக்கிறார்கள். அடிக்கும்போது அவர்கள் வாயில் வந்த வசவு என்ன தெரியுமா? புலையன் என்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். பசுவைக் கொல்லக் கட்டி வைத்திருப்பவர்கள் அவர்கள். காப்பாற்றியவன் இவன். புலையன் பட்டம் காப்பாற்றியவனுக்கு. அந்தச் சொல்லுக்கும் ஒருவன் மாட்டை என்ன செய்தான் என்பதற்கும் அன்றைக்கே எந்தச் சம்பந்தமும் இல்லை. அடிக்க வேண்டியவனை அடிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பசு தன்னை விடுவித்தவனை அடித்த ஆசானைக் கொம்பால் குத்திச் சாய்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. பிறந்த நாள் முதல் புல்லைத் தின்று உலகத்துக்கெல்லாம் பால் கொடுக்கும் இதனிடம் உங்களுக்கு என்ன கோபம் என்று கேட்கிறான் பையன். வேதம் அறியாத நீ பசு பெற்ற மகனாகத்தான் இருப்பாய் என்கிறார்கள். அவன் விடவில்லை. பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்ததாகச் சொல்லப்படும் முனிவர்களைத்தானே நீங்கள் குலமுதல்வர் என்று கொண்டாடுகிறீர்கள், பிறகு பசுவின் மகன் என்பதில் என்ன இழிவு என்கிறான். அப்போது கூட்டத்தில் ஒருவன் சாலியின் கதையை எடுத்துவிடுகிறான். பையன் சிரிக்கிறான். வசிட்டனும் அகத்தியனும் தெய்வக் கணிகையின் மக்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா என்கிறான். பிறப்பை வைத்து வந்தவனுக்குப் பிறப்பை வைத்தே பதில்.

வாதத்தில் அவனை வெல்ல முடியாதவர்கள் சோற்றில் கைவைத்தார்கள். வளர்த்த தந்தையே வீட்டை விட்டுத் துரத்துகிறான். பிச்சைப் பாத்திரத்தோடு அந்தணர் ஊர்களில் வாசல் வாசலாக நிற்கிறான். மாட்டுத் திருடன் என்று ஏசி, அவன் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள்.

ஆபுத்திரன் கதையில் என்னை உலுக்கும் இடம் அமுதசுரபி அல்ல, இந்தக் கல்தான். சோறு இல்லை என்று கையை விரித்திருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். சோறு விழ வேண்டிய இடத்தில் கல்லை இடுவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

சாப்பாட்டுச் சத்தம்

கல் வாங்கியவன் கல்லைத் திருப்பி எறியவில்லை. தென்மதுரைக்குப் போகிறான். சிந்தாதேவி கோயில் முன்னால் இருந்த அம்பலத்தில் தங்குகிறான். ஊரெல்லாம் பிச்சை எடுத்து வந்து, கண் தெரியாதவரையும் காது கேளாதவரையும் நடக்க முடியாதவரையும் நாதியற்றவரையும் நோயாளிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஊட்டுகிறான். எல்லோரும் தின்ற பிறகு மிஞ்சியதைத் தின்று, ஓட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறான்.

ஒரு மழைக்கால நள்ளிரவு. வழிப்போக்கர் சிலர் வந்து எழுப்பிப் பசிக்கிறது என்கிறார்கள். யார், எந்த ஊர் என்று அவன் விசாரிக்கவில்லை. கொடுக்க ஒன்றுமில்லையே என்றுதான் துடிக்கிறான். அந்தத் துடிப்புக்குத்தான் சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். பிச்சைக்காரன் கைக்கு அது வந்தது, கூப்பிட்ட குரலுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று அவன் தவித்ததால்.

அதற்குப் பிறகு அந்த அம்பலம் எப்படி இருந்தது என்று சாத்தனார் காட்டுவதைப் படிக்க வேண்டும். மனிதர் மட்டுமல்ல, விலங்கும் பறவையும் அவனைச் சூழ்ந்திருக்கின்றன. பழுத்த மரத்தில் பறவைகள் அடைந்ததுபோல ஓயாத சத்தம், எல்லாம் சாப்பிடும் சத்தம். இந்திரனின் இருக்கையே நடுங்குகிறது. இந்திரன் கிழ அந்தண வேடத்தில் வந்து, உன் தானத்துக்குப் பலன் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். செய்த அறத்தின் பலனை உட்கார்ந்து அனுபவிப்பவர்கள் மட்டும் இருக்கும் நாடு உன் நாடு, அறம் செய்வதற்கு அங்கே ஆளில்லை, பசித்து வந்தவன் தின்று முடித்தபின் அவன் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைக் காட்டும் இந்தப் பாத்திரம் எனக்குப் போதும் என்கிற பொருளில் பதில் சொல்கிறான்.

நல்ல சாப்பாட்டின் இன்பத்தைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஆயாவின் முகத்தில் நான் பார்த்ததும் அதைத்தான்.

அவன் முடிவும் பெரியது. கொடுக்க ஆளில்லாத மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பல உயிரைக் காத்த பாத்திரத்தை வைத்து என் ஒரு உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இறக்கிறான். பிற்பாடு அந்தப் பாத்திரம் போய்ச் சேர்வதும் கணிகையர் குலத்தில் பிறந்த மணிமேகலை கைக்கு. ஊர் இழிவென்று ஒதுக்கிய கைகளைத்தான் அது தேடித் தேடிப் போயிருக்கிறது.

அப்படியானால் நாம் எந்தப் பக்கம்?

தோழர்கள் கேட்கலாம். ஆபுத்திரன் மாட்டைக் காப்பாற்றியவன். மாட்டுக்கறி தின்னும் நாம் அவனைச் சொந்தம் கொண்டாடலாமா?

நியாயமான கேள்வி. அதற்கும் அதே காப்பியத்தில் பதில் இருக்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். கரையேறியவர்களைக் கொன்று தின்னும் கூட்டம் அது. அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் பிழைக்கிறான். எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்று நாகர் தலைவன் கேட்கிறான். சாதுவன் இரண்டே இரண்டு சொல்கிறான். ஒன்று, கப்பல் உடைந்து கரை ஒதுங்கும் மனிதரைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள். இரண்டு, மூத்துத் தானாகச் சாகும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதீர்கள்.

இரண்டாவது விதியை இன்னொரு தடவை படியுங்கள். பௌத்தக் காப்பியம் கறியே தின்னாதே என்று நாகரிடம் சொல்லவில்லை. கொல்லாதே என்றது. தானாகச் செத்ததைத் தின்னலாம் என்று இடம் விட்டது. புத்தரின் பிக்குகளுக்கும், தமக்கென்று கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயப்படாத இறைச்சியை ஏற்க விதியில் இடம் இருந்தது.

இந்த நாட்டில் செத்த மாட்டைத் தின்றவர்கள் யார்? ஊர்மாடு செத்தால் இழுத்துப் போட வேண்டியவர்களும் தோலை உரிக்க வேண்டியவர்களும் யார்? ஒரு மாட்டையும் கொல்லாமல், செத்ததை அறுத்துத் தின்று, மிச்சத்தை உப்புப்போட்டு வைத்தவர்கள் நம் முப்பாட்டன்மார். சாதுவன் சொன்ன விதிப்படி பார்த்தால் அவர்கள் கையில் ரத்தமில்லை. எந்த உணவில் கொலை இல்லையோ அந்த உணவைக் காட்டித்தான் அவர்களைத் தீண்டாதவர்களாக்கினார்கள்.

1948 இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் இதைத்தான் அலசினார். வேள்வியில் மாட்டைப் பலியிட்டவர்கள், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் மாட்டிறைச்சியை விட்டு மரக்கறிக்கு மாறினார்கள். பௌத்தத்தை விடாதவர்களும், வறுமையால் செத்த மாட்டை விட முடியாதவர்களுமான சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர் ஆனார்கள் என்பது அவர் முடிவு. அதே அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில் செத்த மாட்டுக்கறியை விட்டுவிடுங்கள் என்று நம் மக்களிடம் கேட்டுக்கொண்டார். இரண்டும் முரண் அல்ல. அடிமைத்தனத்தின் கூலியாக வீசப்படுவதை வாங்காதே என்பது சுயமரியாதை. தின்றதற்காக நீ இழிந்தவன் என்று சொல்ல எவனுக்கும் அருகதையில்லை என்பது வரலாறு.

தோலை உரித்த கை தீட்டு. உரித்த தோல் தீட்டல்ல. மிருதங்கத்துக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் வேண்டும். அந்தத் தோல் சபையின் நடுவே அமர்ந்திருக்கும். அதைப் பதப்படுத்தி மூட்டியவன் வெளியே நிற்பான்.

வடலூரின் இரண்டு வாசல்கள்

இந்த வரலாற்றில் வள்ளலாரைப் பேசாமல் போக முடியாது. 1867 மே 23 அன்று வடலூரில் அவர் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவனிடம் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, எப்படிப்பட்ட நடத்தை என்று விசாரிக்காதே, சோறு போடு என்று எழுதி வைத்தார். சாதி தலைவிரித்தாடிய 19 ஆம் நூற்றாண்டில் இது சாதாரணப் பேச்சல்ல. ஆபுத்திரனின் அம்பலம் மறுபடி திறந்ததுபோல்தான் அது.

1872 இல் அதே வடலூரில் சத்திய ஞானசபை எழுந்தது. அதன் வாசலில் கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றிருக்கிறது. இங்கே புலை என்றால் புலால். அவர் எந்தச் சாதியையும் குறித்து எழுதவில்லை. வாடிய பயிருக்காகவும் வருந்தியவர் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் படிக்கும்போது, அதையே பெயராகச் சுமந்தவனின் காதில் என்ன விழும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஒரே ஊரில் இரண்டு வாசல்கள். ஒன்று பசியை மட்டும் பார்த்தது. இன்னொன்று தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தது. என் மனம் முதல் வாசலில்தான் நிற்கிறது. வள்ளலாரின் இரக்கத்தை முழுதாக அறிய அந்த வாசலே போதும் என்பேன்.

வசவை விருதாக்கியவர்கள்

உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தது 1898 இல். அதே ஆண்டில்தான் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஏட்டில் உறங்கிய ஆபுத்திரனும் சேரியில் உறங்கிய பௌத்தமும் ஒரே ஆண்டில் விழித்ததை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது. இழிந்தவர் என்று சொல்லப்படுபவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்று 1907 முதல் தன் 'தமிழன்' இதழில் பண்டிதர் எழுதிக்கொண்டே இருந்தார்.

மலையாள நாட்டில் 1917 மே 29 அன்று, செறாயி என்ற ஊரில், ஈழவரான ஐயப்பன் என்ற இளைஞர் புலையர் வீட்டுப் பிள்ளைகளோடு தன் சாதியாரை ஒரே பந்தியில் உட்காரவைத்தார். மிச்ரபோஜனம் என்று அதற்குப் பெயர். சொந்தச் சாதியே கொதித்தது. 'புலையன் ஐயப்பன்' என்று ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். சகோதரன் ஐயப்பன் என்று கேரளம் இன்று கொண்டாடுவது அவரைத்தான். ஆபுத்திரனை அடித்த அதே சொல், இத்தனை நூற்றாண்டு கடந்து, சேர்ந்து சாப்பிட்டவன் மேல் விழுந்தது. இந்த முறை அது அவருக்கு வலிக்கவில்லை.

கல் இன்னும் விழுகிறது

1920 இல் நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956 இல் காமராசர், 1982 இல் எம்.ஜி.ஆர், 2022 இல் காலை உணவு என்று அந்தப் பாத்திரம் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த நாட்டில் அமுதசுரபி என்று ஒன்று இருக்குமானால் அது பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடம்தான். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தின்னும் அந்தச் சத்தத்தை ஒருமுறை நின்று கேளுங்கள். சாத்தனார் சொன்ன சத்தம் அது.

அந்தப் பாத்திரத்திலும் கல் போட்டார்கள். 2018 இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டு நின்றார்கள். ஆபுத்திரனுக்குக் கல் போட்டவர்களை அந்தணர் என்கிறது காப்பியம். இன்றைக்குக் கல் போடும் கைகளில் பல சாதியும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வரலாறு பேச முடியாது. 2022 மே மாதம் ஆம்பூரில் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லாமல் போனதும் இந்த வரிசையில்தான் வரும்.

வடக்கே கல் கொலையாகவே மாறியது. 2002 அக்டோபர் 15 அன்று அரியானாவின் ஜஜ்ஜர் அருகே துலினாவில், பசுவைக் கொன்றதாகச் சொல்லி ஐந்து தலித்துகளைக் காவல் சாவடி அருகிலேயே கூட்டம் அடித்துக் கொன்றது. 2016 சூலை 11 அன்று குசராத்தின் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித்துகளைப் பிடித்துச் சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டி, ஊர்நடுவே அடித்தார்கள். அடித்தவர்கள் தங்களைப் பசுக் காவலர் என்றார்கள்.

மணிமேகலைக் காலத்தில் பசுவைக் கொல்ல இருந்தவர்கள், காப்பாற்றியவனை அடித்தார்கள். நம் காலத்தில் பசுவைக் காப்பதாகச் சொல்பவர்கள், கொல்லாதவனை அடிக்கிறார்கள். பசுவின் கதை தலைகீழாக மாறிவிட்டது. அடிபடுகிறவன் மட்டும் மாறவில்லை. அப்படியானால் இது எந்தக் காலத்திலும் மாட்டைப் பற்றிய சண்டையாக இருந்ததே இல்லை.

ஊனாவுக்குப் பிறகு குசராத் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலில் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார்கள். பாத்திரத்தில் விழுந்த கல்லை முதல்முறையாக எடுத்துப் போட்டவர் வாசலிலேயே வைத்தார்கள்.

அந்த வீட்டுக்காரரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் கொடுக்கும் வாழைப்பழத்தை மாடு நன்றாகத் தின்னட்டும். ஆனால் உயிர் இரக்கம் என்பது மாட்டில் தொடங்கி மாட்டிலேயே முடிந்துவிடுவதல்ல. ஆபுத்திரனுக்கு அது ஒரு பசுவின் கண்ணீரில் தொடங்கியது, நள்ளிரவில் வந்த பேர் தெரியாத வழிப்போக்கனின் பசி வரை போனது. அவ்வளவு தூரம் போகாத இரக்கம் பாதி வழியில் எதையோ கண்டு பயந்து திரும்பிவிட்ட இரக்கம்.

கடைசியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று உப்புக்கண்டம் சுட்டோம். வாசனை மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது. மேல்வீட்டுச் சாமான் இறக்க வந்த பையன் ஒருவன் படியில் நின்று பார்த்தான். எந்த ஊர், என்ன பேர் என்று எனக்குத் தெரியாது.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன்.

ஜெய்பீம்.